கம்ப்யூட்டர் நம்பர் 6: ஒரு லைப்ரரி ரகளையும் அதுக்கப்புறம் எங்க ட்ரெயினிங் மாறின விதமும்

முதல்லயே சொல்லிடறேன், லைப்ரரி பேரு, ஆளுங்க பேரு எதுவும் இதுல வராது. அன்னிக்கு ரகளை பண்ண மனுஷர் இன்னமும் எங்க லைப்ரரிக்குத்தான் வர்றாரு, ஸ்டாஃபும் அதே ஸ்டாஃப்தான். ஆனா நடந்ததை நடந்தபடியே எழுதறேன், ஏன்னா பிரச்சனை பண்ற வாசகரை எப்படி சமாளிக்கறதுன்னு நாங்க வாங்கின ட்ரெயினிங் மொத்தமும் ஒரு பைசாவுக்கு உதவாம போன நாள் அது, அன்னிக்கு அங்க பொறுப்புல இருந்ததும் நான்தான்.

நடந்தது

அவருக்கு ஒரு 50 வயசு இருக்கும். கதவு திறக்கறப்பவே வந்து நிப்பாரு, கம்ப்யூட்டர் 6 தான் வேணும்பாரு, அது ஓரமா இருக்கறதால. உக்காந்து தனக்குத்தானே முணுமுணுன்னு பேசிக்கிட்டே டைப் பண்ணுவாரு, மத்தபடி யாரு வம்புக்கும் போறதில்ல. எங்க சிஸ்டம்ல ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம், 5 நிமிஷம் பாக்கி இருக்கறப்ப ஓரத்துல ஒரு குட்டிப் பொட்டி வந்துட்டு போகும், டைம் ஆச்சுன்னா ஸ்க்ரீன் மூடிக்கும், திறந்து வெச்சிருந்ததெல்லாம் அழிஞ்சிரும். அப்படி அழியறது தப்பில்ல, அடுத்து உக்கார்றவங்களுக்கு முந்தின ஆளோட விவரம் தெரியக்கூடாதுன்னு வெச்சது அது.

மதியம் 3.40. அவரு ஒரு நீளமான ஆன்லைன் ஃபார்ம் ஃபில் பண்ணிட்டு இருந்திருக்காரு, கடைசி பக்கம், ஸ்க்ரீன் மூடிருச்சு. டேபிள்ல ஓங்கி ஒரு அடி, ஒரு கத்தல். ஹால் மொத்தமும் திரும்பிப் பாக்குது. ரெண்டு மாசம் முன்னாடி சேர்ந்த பொண்ணு ஒருத்தி ஓடிப் போய் அவரு தலைக்கு மேல நின்னுக்கிட்டு "சார் இது லைப்ரரி, சத்தம் போடாதீங்க"ன்னா. அவரு "என் ஃபார்ம் போயிருச்சும்மா, நேத்து அந்த அக்கா டைம் போட்டுக் குடுத்தாங்கல்ல, இன்னிக்கு மட்டும் என்ன"ன்னு கேக்கறாரு. இந்தப் பொண்ணுக்கு டைம் கூட்டிக் குடுக்க முடியும்ங்கறதே தெரியாது, அவளுக்கு யாரும் சொல்லல. அதுக்குள்ள கவுன்ட்டர்ல இருந்த இன்னொருத்தர், எந்திரிக்கக்கூட இல்ல, அங்க இருந்தே சத்தமா "டைம் முடிஞ்சா முடிஞ்சதுதான் சார், அடுத்த ஆளு வெயிட் பண்றாங்க"ன்னாரு. நேத்து டைம் குடுத்த அக்கா புத்தகம் அடுக்கிட்டு இருந்தவங்க ரேக்குக்கு பின்னால இருந்து வந்து, நிலைமையப் பாத்துட்டு, வாயே திறக்காம நின்னுட்டாங்க. தான் குடுத்தது தப்போன்னு பயம்.

நான் உள் ரூம்ல ஃபோன்ல இருந்தேன். வெளிய வந்தப்ப 3.46. நான் சொன்ன முதல் வார்த்தை "அமைதியா இருங்க சார்". இத இப்ப எழுதறப்பவே கூசுது. கோவமா இருக்கற ஒரு ஆளுகிட்ட அமைதியா இருன்னு சொல்லி உலகத்துல எவனும் அமைதியானதா வரலாறு இல்ல, அது எனக்கும் தெரியும், ட்ரெயினிங்லயும் சொன்னாங்க, ஆனாலும் வாயில வந்தது அதுதான்.

அந்த நேரத்துல செக்யூரிட்டி பின்பக்கமா வந்து அவரு தோள்ல கைய வெச்சாரு. அவரு திடுக்குன்னு உதறினாரு, முழங்கை மானிட்டர்ல பட்டு அது கீழ விழுந்துச்சு, நாற்காலி சாஞ்சுது, பக்கத்துல ஒரு குழந்தை வீல்னு அழ ஆரம்பிச்சுது. யாருக்கும் அடி இல்ல. செக்யூரிட்டி கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போனாரு, யாரோ போலீஸுக்கு ஃபோன் போட்டாங்க, நான் வாசல்ல நின்னு "ஒரு வருஷத்துக்கு நீங்க உள்ள வரக்கூடாது"ன்னு சொன்னேன். மணி 3.51. அந்த ஒரு வருஷம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது, எந்த ரூல்லயும் இல்ல, என் வாயில இருந்து வந்துச்சு அவ்ளோதான்.

கடிதம்

பதினோரு நாள் கழிச்சு கையால எழுதின ரெண்டு பக்கக் கடிதம் வந்துச்சு. கத்தினதுக்கு மன்னிப்பு கேட்டிருந்தாரு, அது ஒரே ஒரு வரி. மீதியெல்லாம் கேள்வி. நான் மீறின ரூல் எது? ஒரு வருஷம்னு முடிவு பண்றது யாரு? டைம் கூட்டிக் குடுக்கற வசதி இருக்குன்னா அது ஏன் சிலருக்கு மட்டும் தெரியுது?

மேல இருந்து ரிப்போர்ட் கேட்டாங்க. நாங்க எழுதி வெச்சிருந்த மூணு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா, ஒண்ணுல "திட்டினார்", ஒண்ணுல "மிரட்டினார்", என்னோடதுல "மனநிலை சரியில்லாதவர் போல நடந்துகொண்டார்". நான் என்ன டாக்டரா? என்ன வார்த்தை சொல்லித் திட்டினாரு, எப்படி மிரட்டினாரு, ஒருத்தரும் எழுதல. நேரம் மூணுலயும் வேற வேற. ஃபார்ம் அழிஞ்சு போனதப் பத்தி, அதாவது இந்த மொத்த கூத்துக்கும் காரணமான விஷயத்தப் பத்தி, மூணு ரிப்போர்ட்லயும் ஒரு எழுத்து கிடையாது. கேமரா ரெக்கார்டிங்ல சத்தம் இல்ல, படம் மட்டும்தான், அதுல தெளிவா தெரியுது, முதல்ல செக்யூரிட்டி கை தோள்ல படுது, அதுக்கப்புறம்தான் இவரு கை வீசறாரு. நான் அதை நாலு தடவ ஓட்டிப் பாத்தேன், ஏதாவது ஒரு தடவையாவது மாறி வரும்ங்கற மாதிரி.

தடை ரத்தாச்சு. எல்லாம் முடிவாகறதுக்குள்ள மூணு வாரம் ஓடிருச்சு, அதுவே தண்டனைன்னு எழுதி அவருக்கு லெட்டர் போச்சு.

ரூல் புக்கை மாத்தலாம்னு கிளம்பினப்ப

மேலிடத்துல முதல் யோசனை என்னன்னா புதுசா ரூல் போட்டுருவோம்ங்கறது. தனக்குத்தானே பேசக்கூடாது, துர்நாத்தம் அடிக்கக்கூடாது, சும்மா உக்காந்திருக்கக்கூடாது. இதே பாதையில ஒரு லைப்ரரி ஏற்கனவே நடந்து பாத்திருக்கு, அந்தக் கதையத் தெரிஞ்சுக்காம ரூல் எழுதறது ஆபத்து, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

அமெரிக்கால நியூ ஜெர்சி மாநிலத்துல மோரிஸ்டவுன்னு ஒரு ஊரு. ரிச்சர்ட் கிரைமர்னு வீடில்லாத ஒருத்தர் அங்க பப்ளிக் லைப்ரரிக்கு வழக்கமா போவாரு. முறைச்சுப் பாக்கறாரு, பின்னாலயே வர்றாரு, வாடை தாங்கலன்னு ஸ்டாஃபும் மத்தவங்களும் குறை சொல்ல, ஸ்டாஃப் ஒரு நோட்டு போட்டு எழுதி வெச்சாங்க, 1989ல லைப்ரரி எழுத்துல ரூல் கொண்டு வந்துச்சு. லைப்ரரி சம்பந்தப்பட்ட வேலை பண்ணாதவங்க வெளிய போகணும், அடுத்தவங்கள எரிச்சல்படுத்தணும்னே முறைக்கறது, பின்தொடர்றது, தனியா பேசிக்கிட்டு தொந்தரவு பண்றது கூடாது, அடுத்தவங்களுக்குத் தொல்லையா இருக்கற அளவுக்கு உடம்பு சுத்தமில்லாதவங்க வெளியேறணும், இப்படி. கிரைமர் கோர்ட்டுக்குப் போனாரு. 1991ல மாவட்ட நீதிபதி சரோகின் ரூல்ஸ தூக்கி எறிஞ்சாரு, வீடில்லாதவங்கள நம்ம கண்ணுல மூக்குல படாம வெக்கணும்னா அவங்க நிலைமையத்தான் ரத்து பண்ணணும், லைப்ரரி கார்டை இல்லன்னு அவரு எழுதினது இன்னிக்கும் லைப்ரரிக்காரங்க நடுவுல பேசப்படுது.

நிறைய பேரு கதைய இங்கயே நிறுத்திருவாங்க. ஆனா 1992ல அப்பீல் கோர்ட் அதை மாத்திருச்சு. தகவல் பெறுற உரிமை அரசியல் சாசனத்துல இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க, அதே நேரத்துல லைப்ரரிங்கறது படிக்கறது, எழுதறது, அமைதியா தகவல் தேடறதுக்குன்னே திறந்து வெச்ச எடம், தெருமுனை மாதிரி எல்லாத்துக்குமான எடம் இல்ல, அதனால நியாயமான நடத்தை ரூல் போடலாம்னாங்க. அந்த ரூல்ஸ் செல்லும்னு ஆச்சு.

இதுக்கு நேர் எதிரா 2001ல வாஷிங்டன்ல ஒரு தீர்ப்பு. அங்க லைப்ரரியோட ரூல் ஆட்சேபிக்கத்தக்க தோற்றம் உள்ளவங்கள விடக்கூடாதுங்கறது, அத வெச்சு ஆர்ம்ஸ்ட்ராங்னு ஒருத்தரை வாசல்லயே நிறுத்திட்டாங்க, கோர்ட் அந்த ரூல் செல்லாதுன்னுச்சு. எது ஆட்சேபிக்கத்தக்கதுன்னு வாசல்ல நிக்கற ஆளோட இஷ்டத்துக்கு விட்டா அது ரூலே இல்ல.

ரெண்டையும் பக்கத்துல வெச்சா எங்களுக்குத் தேவையான பாடம் கிடைச்சிருது. அடுத்தவங்களுக்கு என்ன தொல்லை ஆகுதுன்னு எழுதின ரூல் நின்னுச்சு, ஆளு எப்படி இருக்காருன்னு எழுதின ரூல் விழுந்துச்சு. வேற நாட்டு சட்டம்தான், நம்மளக் கட்டுப்படுத்தாது, ஆனா அந்த லாஜிக் எந்த ஊரு கவுன்ட்டருக்கும் பொருந்தும். கம்ப்யூட்டர் 6 காரர் முணுமுணுக்கறது ரெண்டு வருஷமா யாருக்கும் பிரச்சனையா இல்ல, டேபிள தட்டி கத்தினது பிரச்சனை. ரூல் ரெண்டாவதுக்குத்தான் வேணும். புது ரூல் போடற ஐடியாவ கைவிட்டு, ஏற்கனவே இருந்த ரூல்ல ரெண்டு வரி சேத்தோம்: வெளிய போகச் சொல்றது அந்த நாளோட சரி, அதுக்கு மேல போற எந்தத் தடையும் எழுத்துல, காரணத்தோட, அப்பீல் பண்ற வழியோடதான் போகணும். வாசல்ல நின்னு ஒரு வருஷம்னு சொல்ற அதிகாரம் இனிமே யாருக்கும் இல்ல, முக்கியமா எனக்கு.

பழைய ட்ரெயினிங்ல என்ன கோளாறு

ஒரு நாள் முழுக்க ஸ்லைடு. பொறுமை, கனிவு, உடல்மொழி, கண் பார்த்துப் பேசுங்கள். எல்லாம் சரிதான், ஒண்ணும் பொய்யில்ல. ஆனா அந்த நாள் முழுக்க ஒருத்தர்கூட வாயத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லிப் பாக்கல. நீச்சல பத்தி ஸ்லைடு பாத்துட்டு ஆத்துல குதிச்ச கதைதான். பதட்டத்துல புதுசா யோசிக்க வராது, பழகினதுதான் வரும், எனக்குப் பழகினது "அமைதியா இருங்க"தான்.

இன்னொண்ணு, அந்த ட்ரெயினிங்குக்கு செக்யூரிட்டிய கூப்பிடவே இல்ல, அவரு கான்ட்ராக்ட் ஆளாம். சுத்தம் பண்றவங்களையும் கூப்பிடல. ரகளைல முதல்ல போய் நிக்கறது இவங்கதான், ட்ரெயினிங் லிஸ்ட்ல கடைசில கூட பேரு இல்ல. என் கணக்குல அன்னிக்கு நடந்த தப்புலயே பெரிய தப்பு இதுதான், அந்த மனுஷர் தோள்ல கைய வெச்சதுக்கு செக்யூரிட்டியக் குத்தம் சொல்லவே முடியாது, தொடாதீங்கன்னு அவருகிட்ட யாரு சொன்னா?

அப்புறம், அந்த ட்ரெயினிங் மொத்தமும் ஆளு உச்சத்துல கத்தற நிமிஷத்தப் பத்தியே பேசுச்சு. எங்க கேஸ்ல அந்த நிமிஷம் வர்றதுக்கு முன்னாடியே தடுக்க நாலு எடம் இருந்துச்சு. 5 நிமிஷ எச்சரிக்கை கண்ணுல படற மாதிரி இருந்திருக்கலாம். டைம் கூட்டற ரூல் எல்லாருக்கும் ஒண்ணா இருந்திருக்கலாம். முதல்ல போன பொண்ணு சத்தத்தப் பத்திப் பேசாம ஃபார்ம் பத்திப் பேசியிருக்கலாம். கவுன்ட்டர்ல இருந்தவரு வாய மூடிட்டு இருந்திருக்கலாம்.

இப்ப எப்படி பண்றோம்

ரெண்டு மணி நேரம், மாசம் ஒரு தடவ, லைப்ரரி திறக்கறதுக்கு முன்னாடி, நிஜ டேபிள் நிஜ நாற்காலியில. தனி ஹால்ல பண்ணா பிரயோஜனம் இல்லன்னு சீக்கிரமே தெரிஞ்சுது, ஏன்னா எங்க நிக்கணும்ங்கறதுதான் பாதி விஷயம். கம்ப்யூட்டர் வரிசைல ஓர சீட்டுல இருக்கற ஆளுகிட்ட நேரா முன்னால போய் நின்னா அவருக்கு வெளிய போற வழியே அடைஞ்சு போகுது, அது நின்னு பாத்தப்பதான் எங்களுக்கே உறைச்சுது. இப்ப ரெண்டு கை நீளம் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல, கை வெளிய தெரியற மாதிரி, அவரு உக்காந்திருந்தா நாமளும் ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, அவருக்கும் வழி இருக்கணும் நமக்கும் வழி இருக்கணும்.

பேசறது ஒரே ஆளு. இது எழுத சுலபம், பழக கஷ்டம், ஏன்னா உதவி பண்றதா நெனச்சு எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ரெண்டாவது ஆளு பின்னால நிக்கணும், பேசக்கூடாது, சுத்தி இருக்கறவங்கள நகத்தணும், வேடிக்க பாக்கற கூட்டம் குறைஞ்சாலே பாதி சூடு இறங்கிரும். முதல் ஆளுக்கு முடியலன்னா மாத்திக்க ஒரு வாக்கியம் வெச்சிருக்கோம், "உங்களுக்கு உள்ள ஃபோன் வந்திருக்கு"ன்னு ரெண்டாவது ஆளு சொன்னா முதல் ஆளு மறுபேச்சு பேசாம போகணும். இதுல ரோஷம் பாக்கக்கூடாதுன்னு சொல்லிச் சொல்லி, இப்பதான் கொஞ்சம் பழக்கமாகியிருக்கு.

முதல் வாக்கியம் என்னன்னு நிறைய சண்டை போட்டோம். கடைசில நின்னது இது: பேரு சொல்லு, கண்ணால பாத்ததச் சொல்லு, என்ன ஆச்சுன்னு கேளு, அப்புறம் வாய மூடு. "சார் என் பேரு இது, ஸ்க்ரீன் மூடிக்கிச்சு போல, என்ன போயிருச்சு?" அவ்ளோதான். அந்த வாய மூடறதுதான் கஷ்டம். கோவத்துல இருக்கற ஆளு காதுல நீளமான வாக்கியம் ஏறாது, ரெண்டு மூணு வார்த்தைதான் ஏறும், பதில் வர்றதுக்கும் நேரம் ஆகும், அந்த இடைவெளிய தாங்க முடியாம நாம அடுத்த வாக்கியத்த விட்டுருவோம், அது அவருக்கு அடி மேல அடி. பத்து எண்ணுங்கன்னு சொல்லிக் குடுத்தோம், ப்ராக்டிஸ்ல ஆறு தாண்டறதுக்கே எல்லாருக்கும் வேர்த்துச்சு.

அப்புறம்தான் எல்லை. அதுவும் மிரட்டலா இல்லாம ரெண்டு வழியா. "குரலக் குறைச்சீங்கன்னா இங்கயே உக்காந்து இத சரி பண்ணலாம், இல்லன்னா இன்னிக்கு போயிட்டு நாளைக்கு வாங்க." ரெண்டுமே நாம நிஜமா செய்யக்கூடியதா இருக்கணும், செய்ய முடியாதத சொன்னா அடுத்த தடவ நம்ம பேச்சுக்கு மதிப்பு இல்ல.

ரோல் ப்ளே ஆரம்பத்துல ஒரே கேலிக்கூத்து. ஒருத்தர் ரகளை பண்ற வேஷத்துல அவ்ளோ பிரமாதமா நடிச்சாரு, புதுசா சேர்ந்த பொண்ணு நிஜமாவே அழுதுட்டா, அதுக்கப்புறம் நடிக்கறவங்களுக்கும் ஒரு அளவு வெச்சோம். சர்வீஸ்ல மூத்த அண்ணன் ஒருத்தர், இதெல்லாம் எனக்குத் தேவையில்ல நான் இத்தன வருஷமா பாக்கறேன்னு ஒதுங்கியே இருந்தாரு. பாத்தா அவருக்கு நிஜமாவே தெரியுது, குடிச்சிட்டு வர்றவங்கள வாசல் வரைக்கும் பேசிக்கிட்டே நடத்திட்டுப் போய் வெளிய விட்டுட்டு வருவாரு, அவங்களுக்கே தெரியாது தான் வெளிய வந்துட்டோம்னு. நீங்க எப்படிண்ணே பண்றீங்கன்னு கேட்டா சொல்லத் தெரியல. அதனால அவரை பண்ண வெச்சு நாங்க பாத்து எழுதினோம். அவரு "எந்திரிங்க"ன்னு சொல்றதே இல்ல, "வாங்க"ன்னு சொல்றாரு, சொல்லிட்டே தான் முதல்ல நடக்கறாரு.

ஒரு விஷயத்துல மட்டும் இந்த மென்மையெல்லாம் செல்லாதுன்னு எங்க பொண்ணுங்கதான் எடுத்துச் சொன்னாங்க. கத்தறவன் வேற, கவுன்ட்டர்ல வந்து சாஞ்சுக்கிட்டு ட்ரெஸ்ஸப் பத்தி கமென்ட் அடிக்கறவன், எத்தன மணிக்கு டியூட்டி முடியும்னு கேக்கறவன், ரேக் ரேக்கா பின்னாலயே வர்றவன் வேற. இவன் சத்தமே போட மாட்டான், அதனால பழைய ட்ரெயினிங் கணக்குல இவன் பிரச்சனையே இல்ல, சிரிச்சு சமாளிங்கன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. இங்க சிரிக்கறதுதான் தப்பு. பத்து எண்ண வேண்டாம், ரெண்டு வழி குடுக்க வேண்டாம். "இப்படிப் பேசாதீங்க. புத்தகம் பத்தி மட்டும் பேசுங்க." ஒரு தடவதான். ரெண்டாவது தடவ பொறுப்புல இருக்கறவங்க வந்து அன்னிக்கு வெளிய அனுப்பணும், அந்தப் பொண்ணு கவுன்ட்டர விட்டு உள்ள போயிரலாம், யாருகிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டாம். இத எழுதறப்ப ஒரு ஆம்பள ஸ்டாஃப் "இதெல்லாம் நடக்குதா இங்க"ன்னு கேட்டாரு. தினமும் நடக்குது.

யாரைக் கூப்பிடறதுங்கறதும் பேசி வெச்சோம். ஆளு திடீர்னு குழறுறாரு, வேர்க்குது, எங்க இருக்கோம்னு தெரியல, அப்ப ஆம்புலன்ஸ்தான், போலீஸ் இல்ல, சர்க்கரை இறங்கினாலே ஒருத்தர் குடிச்ச மாதிரி நடந்துக்குவாரு. ஆயுதம், அடி, மிரட்டல்னா போலீஸ். ரெண்டும் இல்லாத பெரிய நடுப்பகுதி ஒண்ணு இருக்கு, வீடு இல்ல, வேலை இல்ல, பேச ஆள் இல்ல, அதுக்குக் கூப்பிட எங்ககிட்ட நம்பரே இல்ல. சான் பிரான்சிஸ்கோ பப்ளிக் லைப்ரரி 2009லயே இதுக்குன்னு ஒரு முழுநேர சோஷியல் வொர்க்கர வேலைக்கு வெச்சாங்க, அப்புறம் அங்க பல ஊரு லைப்ரரிங்க அந்த வழிக்கு வந்துச்சு. எங்களுக்கு அது இப்போதைக்கு எட்டாத விஷயம்.

ரிப்போர்ட் ஃபார்மும் மாறிருச்சு. அன்னிக்கே எழுதணும், தனித்தனியா எழுதணும், ஒருத்தரோடத இன்னொருத்தர் பாக்கக்கூடாது. சொன்ன வார்த்தை கெட்ட வார்த்தையா இருந்தாலும் அப்படியே எழுதணும். முதல் கட்டம் "இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு". அந்த ஒரு கட்டம் வந்ததுல இருந்து பாதி ரிப்போர்ட்ல காரணம் நம்ம பக்கமே இருக்கறது தெரிய ஆரம்பிச்சுது, பிரின்ட்டர் காசு முழுங்கினது, ரிசர்வ் பண்ண புத்தகத்த வேற ஆளுக்குக் குடுத்தது, இப்படி. கம்ப்யூட்டர் எச்சரிக்கை இப்ப 10 நிமிஷத்துலயே ஸ்க்ரீன் நடுவுல வருது, வெயிட்டிங்ல ஆள் இல்லன்னா யாரு கேட்டாலும் அரை மணி நேரம் கூட்டலாம்னு டேபிள் மேலயே ஒட்டியாச்சு. இதுக்கு எந்த ட்ரெயினிங்கும் தேவைப்படல.

அவரு திரும்பி வந்த அன்னிக்கு அந்தப் புதுப் பொண்ணுதான் கவுன்ட்டர்ல. "சார் 6 காலியா இருக்கு"ன்னா. அவரு தலையாட்டிட்டுப் போய் உக்காந்து முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாரு. செக்யூரிட்டியும் அவரும் இன்னும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறதில்ல.

சரியாகாதது ஒண்ணு இருக்கு. சாயங்காலம் ஆறுக்கு மேல ஹால்ல ஒரே ஒரு ஸ்டாஃப்தான், செக்யூரிட்டியும் கெளம்பிருவாரு. ஒரு ஆளு பேசணும் ஒரு ஆளு பின்னால நிக்கணும்னு நாங்க எழுதி வெச்சது அந்த நேரத்துக்குப் பொருந்தாது. இன்னொரு ஆளு வேணும்னு எழுதிக் குடுத்து ஏழு மாசம் ஆச்சு, பதில் வரல, அதுவரைக்கும் ஆறு மணிக்கு மேல அந்த மூத்த அண்ணனத்தான் போடறோம், அவரும் அடுத்த வருஷம் ரிட்டயர்டு.